வெங்காயச் செல்லுக்குப் பச்சை நிறம் எப்படி வந்தது?

பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பிராக்டிகல் தேர்வு நெருங்கும்போது ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். மேஜை முழுக்க கலர் பென்சில், ஸ்கேல், ரப்பர். நடுவே பிரவுன் அட்டை போட்ட ரெக்கார்டு நோட்டு. பக்கத்திலேயே போன வருஷம் படித்த சீனியரின் ரெக்கார்டு நோட்டு. "அம்மா, இந்த இதயம் படத்தை மட்டும் வரைஞ்சு குடும்மா, ப்ளீஸ்" என்று ஒரு கெஞ்சல். ராத்திரி பதினொரு மணிக்கு அப்பா மார்ஜின் கோடு போட்டுக்கொண்டிருப்பார். அக்கா பாகங்களுக்குப் பெயர் எழுதுவாள். ஒரு வழியாக நோட்டு முடிந்து, ஆசிரியரின் கையெழுத்தும் விழுந்துவிடும்.

நோட்டு என்னவோ அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதில் 'வெங்காயத் தோல் செல்' என்று வரைந்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், சில நோட்டுகளில் ஒரு வேடிக்கை தெரியும். செல்லுக்குள் குட்டிக் குட்டியாகப் பச்சைப் புள்ளிகள். கீழே 'பசுங்கணிகம்' என்று அம்புக்குறி.

வெங்காயத்தின் உள்தோலை எந்த மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாலும் பசுங்கணிகம் தெரியாது. ஏனென்றால் அது அங்கே இல்லை. அப்படியானால் நோட்டுக்குள் அந்தப் பச்சை எப்படி வந்தது? பாடப் புத்தகத்தில் இருக்கும் 'தாவர செல்' படத்திலிருந்து வந்தது. பிள்ளை செல்லைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும், கண்ணை நம்பவில்லை. புத்தகத்தை நம்பியிருக்கிறது.

பள்ளியில் உயிரியல் செய்முறை வகுப்பு எதற்காக இருக்கிறது என்ற கேள்விக்கான பதில், இந்தச் சின்னப் பச்சைப் புள்ளியில்தான் இருக்கிறது.

முதலில் தெரிவது காற்றுக் குமிழிதான்!

வெங்காயத்தை நறுக்கி, சதைப்பற்றான ஓர் இதழின் உட்பக்கத்தில் கண்ணாடி போல ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை உரிக்க வேண்டும். ஸ்லைடின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, தோலைச் சுருக்கம் இல்லாமல் விரித்து, ஒரு துளி சாஃப்ரனின் சாயம் இட்டு, கவர் ஸ்லிப்பைச் சாய்வாக மெதுவாக இறக்க வேண்டும். கேட்க எளிதுதான். ஆனால் முதல் முறை செய்யும் பிள்ளைகளில் பலருக்கும் மைக்ராஸ்கோப்பில் தெரிவது செல் இல்லை. கறுப்பு வளையம் போட்ட பெரிய பெரிய வட்டங்கள்! 'சார், செல் தெரியுது' என்று உற்சாகமாகக் கத்துவார்கள். அது காற்றுக் குமிழி.

இந்த ஏமாற்றம் நல்லது. கவர் ஸ்லிப்பை 'டப்'பென்று போட்டால் குமிழி வரும். ஒரு பக்கத்தைத் தண்ணீரில் தொடவைத்து, ஊசியால் தாங்கி மெல்ல இறக்கினால் வராது என்று கை கற்றுக்கொள்கிறது. இரண்டாவது முயற்சியில், செங்கல் சுவர் போல அடுக்கடுக்காக நீள்சதுரச் செல்கள் தெரியும். ஒவ்வொன்றிலும் ஓரமாக ஒதுங்கியபடி ஒரு நியூக்ளியஸ் இருக்கும்.

இப்போது அந்தப் பிள்ளையின் மனதில் ஒரு கேள்வி எழ வேண்டும். 'புத்தகத்தில் தாவர செல் என்றால் பசுங்கணிகம் இருக்கிறது. இங்கே ஏன் இல்லை?' பதில் எளிமையானது. நாம் சாப்பிடும் வெங்காயம், உணவைச் சேமித்து வைக்கும் பகுதி. ஒளிச்சேர்க்கை செய்வது மேலே நீண்டிருக்கும் வெங்காயத் தாள். அதனால்தான் தாள் பச்சையாகவும் வெங்காயம் வெள்ளையாகவும் இருக்கின்றன. பசுங்கணிகத்தைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால், மீன் தொட்டியில் போடும் ஹைட்ரில்லா செடியின் ஒற்றை இலையை ஸ்லைடில் வைத்தால் போதும். பச்சை மணிகள் வரிசையாகத் தெரியும். கொஞ்சம் பொறுமையாகக் கவனித்தால், அவை செல்லுக்குள் மெல்ல நகர்ந்து வலம் வருவதையும் பார்க்கலாம்.

வெங்காயத்தில் 'இல்லை' என்பதைப் பார்த்தவருக்குத்தான் ஹைட்ரில்லாவில் 'இருக்கிறது' என்பது கண்டுபிடிப்பாகத் தோன்றும். இல்லாததை வரைந்தவருக்கு இரண்டுமே வெறும் படங்கள்தான்.

பார்ப்பதோடு முடியவில்லை, அளக்கவும் வேண்டும்

'செல் மிகச் சிறியது' என்று எல்லாப் பிள்ளைகளும் எழுதுவார்கள். எவ்வளவு சிறியது? அதை ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்தே கண்டுபிடிக்கலாம். கண்ணருகு லென்ஸ் 10 மடங்கு, பொருளருகு லென்ஸ் 10 மடங்கு என்றால், மொத்தம் 100 மடங்கு பெரிதாகத் தெரியும். அந்த நிலையில் ஸ்லைடுக்குப் பதிலாகக் கண்ணாடி போன்ற ஸ்கேலை வைத்துப் பார்த்தால், வெளிச்ச வட்டத்தின் குறுக்களவு எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்துவிடும். 1.8 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேலை எடுத்துவிட்டு வெங்காயத் தோலை வைத்தால், அந்த வட்டத்தின் குறுக்கே நீளவாக்கில் 6 செல்கள் அடங்குகின்றன. 1.8-ஐ 6-ஆல் வகுத்தால் ஒரு செல்லின் நீளம் 0.3 மி.மீ.

அவ்வளவுதான் கணக்கு. ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளைத் தானே அளந்துவிட்டது! பக்கத்து பெஞ்சில் 5 செல் என்று எண்ணியிருந்தால், 'உனக்கு ஏன் 5, எனக்கு ஏன் 6?' என்று பேச்சு ஆரம்பிக்கும். தோலை எடுத்த இடம் வேறாக இருக்கலாம்; வெங்காயமே வேறாக இருக்கலாம்; எண்ணும்போது அரை செல்லை ஒருவர் சேர்த்திருக்கலாம், இன்னொருவர் விட்டிருக்கலாம். இந்தப் பேச்சுக்கு எந்த ரெக்கார்டு நோட்டிலும் இடம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். ஆனால் செய்முறை வகுப்பில் நடக்கும் மிக முக்கியமான விஷயம் இதுதான்.

'மொபைலில் போட்டோ எடுத்தால் போதாதா, எதற்குக் கையால் வரைய வேண்டும்?' என்று இந்தக் காலப் பிள்ளைகள் கேட்பார்கள். கண்ணருகு லென்ஸில் கேமராவை வைத்துப் படம் எடுப்பது நல்ல ஆதாரம்தான். ஆனால் கேமரா எல்லாவற்றையும் ஒரே மாதிரி பதிவு செய்துவிடும். வரையும்போதுதான் 'நியூக்ளியஸ் நடுவில் இருக்கிறதா, ஓரத்திலா? பக்கத்துச் செல்லின் சுவர் இதோடு எங்கே சேர்கிறது?' என்று ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. பார்த்ததைப் போல இருந்தால் போதும்.

முளைப்பாரி சொல்லும் பாடம்

ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம், "செடிக்கு வெளிச்சம் இல்லேன்னா என்ன ஆகும்?" என்று கேட்டால் "வளராது" என்று பட்டென்று பதில் வரும். அதைச் சோதித்துப் பார்க்க இரண்டு டம்ளர், கொஞ்சம் பஞ்சு, ஒரு பிடி பச்சைப்பயறு போதும். ஒரு டம்ளரை ஜன்னலோரம் வைக்க வேண்டும். இன்னொன்றை அதே ஜன்னலோரத்தில், அட்டைப் பெட்டியால் மூடி வைக்க வேண்டும். தினமும் இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர்.

எட்டு நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தால் ஆச்சர்யம் காத்திருக்கும். இருட்டில் இருந்த செடிகள்தான் அதிக உயரம்! வெளிறிய மஞ்சள் நிறத்தில், நெடுநெடுவென்று நீண்டிருக்கும். ஜன்னலோரச் செடிகள் குட்டையாக, தண்டு தடித்து, இலை விரிந்து பச்சையாக இருக்கும்.

கிராமத்துத் திருவிழாக்களில் முளைப்பாரி தூக்கியவர்களுக்கு இது புதிதல்ல. வெயில் படாத அறையில் வைத்து வளர்ப்பதால்தான் முளைப்பாரிப் பயிர் அப்படி இளமஞ்சளாக, நீளமாக நிற்கிறது. பாட்டிக்குத் தெரிந்த இந்த விஷயத்தைத்தான் பேரன் வகுப்பில் கண்டுபிடிக்கிறான். வெளிச்சத்தைத் தேடி, விதையில் இருக்கும் சேமிப்பை எல்லாம் செலவழித்து, செடி தண்டை நீட்டுகிறது. செடிகளை நன்றாக உலர்த்தி எடை போட்டால், உயரமாக இருந்த இருட்டுச் செடியில் உலர்ந்த பொருள் எதுவும் கூடியிருக்காது. விதையில் இருந்ததைவிடக் குறைந்தும் இருக்கும். ஆக, உயரமானது எல்லாமே வளர்ச்சி இல்லை. எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பதில் அமைகிறது.

இங்கே ஓர் ஆபத்தும் உண்டு. 'வெளிச்சம் இல்லாமல் செடி வளராது' என்று முன்கூட்டியே எழுதிவிட்ட பிள்ளை, பெட்டியைத் திறந்ததும் பயந்துவிடும். 'ஏதோ தப்பு பண்ணிட்டேன்' என்று நினைத்து, 12 செ.மீ. என்று அளந்ததை அழித்துவிட்டு 4 செ.மீ. என்று எழுதும். ஆசிரியரும் 'குட்' போட்டுவிட்டால், அன்றைக்கு அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டது ஒளிச்சேர்க்கையை அல்ல. விடை வேறு மாதிரி வந்தால் அதை மறைத்துவிட வேண்டும் என்ற பாடத்தை.

இன்னொரு விஷயம். இருட்டு டம்ளரை மூடி வைக்காமல் பீரோவுக்குள் வைத்திருந்தால்? வெளிச்சத்தோடு சேர்த்துக் காற்றோட்டம், வெப்பம் எல்லாமே மாறியிருக்கும். வித்தியாசம் எதனால் வந்தது என்று சொல்லவே முடியாது. 'ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மற்றதை அப்படியே வை' என்ற விதி, இப்படி ஒருமுறை குழம்பிய பிறகுதான் மனதில் நிற்கும். ஒரே ஒரு விதையை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்பதும் அப்படித்தான். அந்த ஒன்று சொத்தைப் பயறாக இருந்தால்? டம்ளருக்கு 20 விதையாவது வேண்டும்.

ஒரு கரண்டி கஞ்சித் தண்ணீர்

'உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிறது.' தேர்வில் அடிக்கடி வரும் வரி இது. சோறு வடித்த கஞ்சித் தண்ணீரை நிறையத் தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்து ஆறவைத்து, இரண்டு சோதனைக் குழாய்களில் சம அளவு ஊற்ற வேண்டும். ஒன்றில் கொஞ்சம் உமிழ்நீர். இருபது நிமிடங்கள் கழித்து ஒரு சொட்டு அயோடின் விட்டால், மாவுச்சத்து இருக்கும் இடத்தில் கருநீலம் வரும். உமிழ்நீர் கலந்த குழாயில் நிறம் மங்கியிருந்தால், மாவுச்சத்து குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு குறும்புக்காரப் பிள்ளை எழுந்து, "மிஸ், எச்சில் சேர்த்ததால கஞ்சி இன்னும் தண்ணியாயிடுச்சு. அதனால நிறம் குறைஞ்சிருக்கலாமே?" என்று கேட்டால், அந்த வகுப்பு வெற்றி பெற்றுவிட்டது என்று பொருள். அதற்காகத்தான் இரண்டாவது குழாயில் அதே அளவு வெறும் தண்ணீரைச் சேர்க்க வேண்டும். இன்னும் நுணுக்கமாகப் போனால், மூன்றாவது குழாயில் கொதிக்கவைத்து ஆறிய உமிழ்நீரைச் சேர்க்கலாம். கொதித்தால் நொதி செயலிழந்துவிடும். கருநீலம் அப்படியே நிற்கும்.

ஒப்பிட ஆள் இல்லாமல் வெற்றி தோல்வி சொல்ல முடியாது என்ற இந்த எண்ணம்தான் நவீன மருத்துவ ஆய்வுகளின் அடிப்படை. புது மருந்தைக் கொடுத்த குழுவோடு, அதைக் கொடுக்காத குழுவை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். கஞ்சித் தண்ணீரில் நடப்பதும் அதேதான்.

மெண்டல் மறைக்காத எண்கள்

மரபியலின் தந்தை என்று பாடப் புத்தகம் சொல்லும் கிரிகோர் மெண்டல், இன்றைய செக் நாட்டின் பர்னோ நகரத்து மடத்துத் துறவி. பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்தவரும்கூட. அவருடைய பட்டாணிச் செடி ஆய்வுக் கட்டுரை 1866-ல் வெளியானது. உருண்டை விதையா, சுருங்கிய விதையா என்று அவர் எண்ணியது 7,324 விதைகள். அதில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். வகுத்துப் பார்த்தால் 2.96-க்கு 1. பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் '3:1' இங்கிருந்துதான் வந்தது.

பாடப் புத்தகத்தில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தி அதே கட்டுரையில் இருக்கிறது. ஒரு செடியில் 43 உருண்டை, வெறும் 2 சுருக்கம். இன்னொரு செடியில் 14 உருண்டை, 15 சுருக்கம். இந்த இரண்டுமே 3:1-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. மெண்டல் அவற்றை ஒளிக்கவில்லை. சொல்லிவிட்டு, ஒரு செடியை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஏறி இறங்கும். நிறைய எண்ணினால்தான் விகிதம் தெளிவாகும் என்பதைக் காட்டினார்.

வகுப்பில் இரண்டு நிற மணிகளைப் பையில் போட்டுக் குலுக்கி 3:1 விகிதத்தைச் சோதிக்கும் செய்முறை உண்டு. அதில் தன் குழுவுக்கு 9:7 வந்துவிட்டது என்று ஒரு மாணவி பதற்றத்தோடு எண்ணை மாற்றி எழுதினால், அவள் கையில் இருக்கும் அருமையான பாடத்தைத் தூக்கி எறிகிறாள். எல்லாக் குழுக்களின் எண்களையும் கரும்பலகையில் எழுதிக் கூட்டிப் பார்த்தால், மொத்தம் 3:1-ஐ நெருங்குவதை வகுப்பே கண்ணால் பார்க்கும்.

தவளை போனது, செம்பருத்தி இருக்கிறது

இன்றைய அம்மா அப்பாக்களில் பலருக்கு 'ஸுவாலஜி லேப்' என்றதும் ஃபார்மலின் நெடியும், மெழுகுத் தட்டில் குண்டூசி குத்திய தவளையும்தான் ஞாபகம் வரும். இப்போது பள்ளிகளில் அந்தக் காட்சி இல்லை. உயிர்களைக் கொல்லாமலேயே கற்க முடியும் என்ற எண்ணம் பரவியதும், வன உயிரினங்களுக்கான சட்டப் பாதுகாப்பும் அதற்குக் காரணங்கள்.

'அப்படியானால் கையில் பிடித்துச் செய்ய என்ன மிச்சம்?' என்ற கேள்விக்கு வாசலில் பூத்திருக்கும் செம்பருத்தியே பதில். ஐந்து இதழ்கள். நடுவில் குழாய் போல இணைந்த மகரந்தத் தாள்கள். அந்தக் குழாயை நீளவாக்கில் மெல்லக் கிழித்தால், உள்ளே ஊடுருவிச் செல்லும் சூல் தண்டு. அடியில் உள்ள சூல்பையைப் பிளேடால் குறுக்கே வெட்டி லென்ஸில் பார்த்தால் ஐந்து அறைகள்.

சில பிள்ளைகள் அடுக்குச் செம்பருத்தியைக் கொண்டுவந்துவிடுவார்கள். அதில் இதழ்களுக்குக் கணக்கே இருக்காது. மகரந்தத் தாள் குழாயும் ஒழுங்காக இருக்காது. 'இது வேண்டாம், போய் ஒற்றைச் செம்பருத்தி எடுத்துட்டு வா' என்று திருப்பி அனுப்புவது எளிது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னால், பாதி இதழாகவும் பாதி மகரந்தத் தாளாகவும் நிற்கும் உறுப்புகளைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அடுக்குப் பூவில் மகரந்தத் தாள்கள்தான் இதழ்களாக உருமாறியிருக்கின்றன என்ற முடிவுக்கு, யாரும் சொல்லாமலேயே வந்துவிடலாம். விதிவிலக்கைத் திருப்பி அனுப்பாமல் மேஜையில் வைப்பதுதான் நல்ல ஆய்வகம்.

இலையின் அடிப்பக்கம் நிறமில்லாத நெயில் பாலிஷ் தடவி, காய்ந்ததும் செலோ டேப்பால் உரித்து ஸ்லைடில் ஒட்டினால் இலைத்துளைகளின் அச்சு தெரியும். மேல்பக்கத்தில் எத்தனை, அடிப்பக்கத்தில் எத்தனை என்று எண்ணலாம். நிறைய மரங்களின் இலைகளில் அடிப்பக்கத்தில்தான் அதிகம் இருக்கும். "அப்போ தண்ணி மேல மிதக்கிற அல்லி இலைக்கு?" என்று ஒரு பிள்ளை கேட்டால், அடுத்த வாரத்துக்கான செய்முறை தயார். அல்லிக்கு இலைத்துளைகள் மேல்பக்கத்தில்தான் இருக்கும். காற்று அங்கேதானே இருக்கிறது!

கருவேல முள்ளும் திறந்த புத்தகமும்

'இதெல்லாம் பெரிய பள்ளிகளுக்குத்தான் சரிப்படும்' என்று தோன்றலாம். மத்தியப் பிரதேசத்தில் 1972-ல் ஹோஷங்காபாத் மாவட்டத்தின் 16 கிராமத்து நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கியது. அந்த ஊருக்கு இன்றைய பெயர் நர்மதாபுரம். 'ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம்' என்று அதற்குப் பெயர். பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து செய்து பார்த்து, பேசி, தங்கள் முடிவைத் தாங்களே எழுதுவதுதான் பாடம். புத்தகம் விடைகளைத் தரவில்லை, கேள்விகளைத் தந்தது. வயலுக்கும் ஓடைக்கும் நடந்து போய் இலை, பூ, பூச்சிகளைச் சேகரித்து வகைப்படுத்துவதும் வகுப்பின் பகுதியாக இருந்தது. பூவைப் பிரித்துப் பார்க்க ஊசி வாங்கக் காசு இல்லையா? கருவேல முள் போதும்!

அந்தத் திட்டத்தின் துணிச்சலான பகுதி தேர்வுமுறை. எழுத்துத் தேர்வில் புத்தகத்தையும் நோட்டையும் திறந்து வைத்துக்கொள்ளலாம். கூடவே, செய்து காட்டும் தேர்வும் உண்டு. மனப்பாடத்துக்கு மதிப்பெண் இல்லை என்றானதும், பார்த்து எழுதுவதற்கு அவசியம் இல்லாமல் போனது. பிள்ளைகள் தங்கள் சந்தேகங்களைக் கடிதமாக எழுதி அனுப்ப 'சவாலிராம்' என்ற ஒரு கற்பனை மனிதர்கூட இருந்தார். கேள்வி கேட்பவர் என்று பொருள்படும் பெயர்.

பிறகு அந்தத் திட்டம் மாநிலத்தின் பல மாவட்டங்களுக்குப் பரவியது. முப்பது ஆண்டுகள் நடந்து, 2002-ல் அரசு அதை முடித்துக்கொண்டது. ஆனால் அது விட்டுச்சென்ற பாடம் தெளிவானது. செய்முறைக்குத் தடையாக இருப்பது பணம் மட்டுமல்ல, எதற்கு மதிப்பெண் தருகிறோம் என்பதும்தான்.

மதிப்பெண் எதற்கு?

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு இருக்கிறது. எழுத்துத் தேர்வு 75. மேல்நிலை வகுப்புகளிலும் உயிரியலுக்குத் தனியாகச் செய்முறைத் தேர்வு உண்டு. ஆக, இடம் இருக்கிறது. ஆனால் நாற்பது, ஐம்பது பிள்ளைகள், விரல்விட்டு எண்ணக்கூடிய மைக்ராஸ்கோப்புகள், முடிக்க வேண்டிய போர்ஷன், பொதுத்தேர்வு பயம். இதில் ஆசிரியரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

இருந்தாலும் சின்ன மாற்றங்கள் பலன் தரும். நான்கு பேர் கொண்ட குழுவில் ஒருவர் ஸ்லைடு செய்ய, ஒருவர் பார்க்க, ஒருவர் எண்ண, ஒருவர் எழுத, அடுத்த வாரம் வேலைகளை மாற்றிக்கொள்ளலாம். ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு செய்முறைக்கும் மூன்று வரி சேர்க்கலாம். 'செய்வதற்கு முன் நான் நினைத்தது', 'நான் கண்டது', 'இரண்டும் வேறாக இருந்தால் ஏன் என்று நினைக்கிறேன்'. இந்த மூன்றாவது வரிக்கு இரண்டு மதிப்பெண் என்று சொல்லிவிட்டால் போதும். சீனியரின் நோட்டைப் பார்த்து எழுத முடியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வேறு வேறாகத்தானே இருக்கும்!

உருளைக்கிழங்கைக் குடைந்து சர்க்கரைக் கரைசல் ஊற்றித் தண்ணீரில் வைக்கும் சவ்வூடு பரவல் சோதனை பல முறை சொதப்பும். கரைசல் மட்டம் ஏறவே ஏறாது. 'ஏறியது' என்று எழுதிவிட்டு நகர்வதற்குப் பதில், ஏன் ஏறவில்லை என்று தேடச் சொல்லலாம். குடையும்போது அடியில் ஓட்டை விழுந்ததா? கரைசல் நீர்த்துப்போயிருந்ததா? அல்லது கிழங்கு வெந்ததா? வேகவைத்த கிழங்கில் செல் சவ்வுகள் சிதைந்துவிடும் என்பதால் மட்டம் ஏறாது. பச்சைக் கிழங்கையும் வெந்த கிழங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், சொதப்பலே நல்ல சோதனையாகிவிடும்.

அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் அறிவியலையும் கணிதத்தையும் செய்து பார்த்துக் கற்பதற்காக 2022-ல் 'வானவில் மன்றம்' தொடங்கப்பட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இந்திய வம்சாவளி விஞ்ஞானி மனு பிரகாஷின் குழு உருவாக்கிய 'ஃபோல்டுஸ்கோப்', காகிதத்தை மடித்துச் செய்யும் மைக்ராஸ்கோப். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குளத்தங்கரைக்கே போகலாம். ஆக, கருவி இல்லை என்ற குறையும் மெல்ல மெல்லக் குறைந்துவருகிறது.

பாதுகாப்பும் ஒரு திறன்தான்

இலையில் மாவுச்சத்தைச் சோதிக்க ஸ்பிரிட்டில் சூடாக்கும்போது, நேரடியாகத் தீயில் காட்டவே கூடாது. சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துத்தான் சூடாக்க வேண்டும். ரொட்டியில் பூஞ்சை வளர்த்தால், மூடிய கவரைத் திறக்காமல் வெளியிலிருந்தே பார்க்க வேண்டும். ரத்த வகை சோதனையில் ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியை இன்னொருவர் தொடக் கூடாது. உமிழ்நீர் சோதனையில் அவரவர் குழாயை அவரவரே கழுவ வேண்டும். ஏன் என்று புரிந்துகொண்டு கவனமாக இருப்பதும் அறிவியல்தான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

30 செ.மீ. ஸ்கேல் ஒன்று போதும். ஒருவர் ஸ்கேலை மேலே பிடித்துத் திடீரென விட, இன்னொருவர் கீழே விரல்களுக்கு நடுவில் பிடிக்க வேண்டும். 20 செ.மீ.-ல் பிடித்தால், கண்ணில் பட்டதற்கும் கை மூடியதற்கும் இடையே சுமார் 0.2 நொடி. தாத்தா, அம்மா, பேத்தி என்று எல்லோரும் பத்துப் பத்து முறை செய்து சராசரி எடுக்கலாம். பத்தாவது முறையில் எல்லோரும் வேகமாகிவிட்டால், அது நரம்பின் வேகமா, பழக்கமா என்று சாப்பாட்டு நேரத்தில் விவாதிக்கலாம்.

தெருமுனை வேப்பமரத்தை வாரம் ஒருமுறை பார்த்து, துளிர், பூ, காய், பழம் எப்போது வந்தன என்று தேதியோடு எழுதி வைக்கலாம். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டில் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பறவைக் கணக்கெடுப்பில் பிள்ளைகளும் கலந்துகொள்ளலாம். பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவைகளை மட்டும் எண்ணி எழுத வேண்டும். 'வழக்கமாக இங்கே மைனா வருமே' என்று காணாததைச் சேர்க்கக் கூடாது. சிட்டுக்குருவி இல்லையென்றால், இல்லை என்பதும் ஒரு தகவல்தான்.

பள்ளியிலிருந்து வரும் பிள்ளையிடம் "பிராக்டிகல்ல எவ்வளவு மார்க்?" என்று கேட்பதற்கு முன்னால், "இன்னைக்கு லேப்ல நீ நினைச்ச மாதிரி நடக்காதது ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டுப் பார்க்கலாம். முதல் நாள் "ஒண்ணுமில்லை" என்றுதான் பதில் வரும். நான்காவது நாள் கதை வரும்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி வருகிறது: 'இந்தக் கஷாயத்தைக் குடித்த பத்துப் பேருக்கும் ஒரே வாரத்தில் சளி சரியாகிவிட்டது!' சாதாரண சளி, எதுவும் குடிக்காவிட்டாலும் பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் சரியாகிவிடும். ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிய பிள்ளை அந்தச் செய்தியை அப்படியே ஃபார்வர்டு செய்யும். கஞ்சித் தண்ணீரில் இரண்டாவது குழாயை வைத்துப் பழகிய பிள்ளை மட்டும், "அந்தக் கஷாயத்தைக் குடிக்காத பத்துப் பேருக்கு என்ன ஆச்சு சித்தப்பா?" என்று கேட்கும்.

டாக்டர் ஆகிறதோ, கடை வைக்கிறதோ, அந்தப் பிள்ளை இந்த ஒரு கேள்வியோடு பள்ளியை விட்டு வெளியே வந்தால் போதும்.